காற்று குலம் கேட்பதில்லை

(கல்விக் கழக வெள்ளிவிழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டில் கட்டிய சிறு விமானத்தைச் செம்மையுற முடித்துச் சோதித்துப் பறக்கவிடும் கலை. கல்விக் கழகத்தின் விழாவில் விமானத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அமெரிக்க நாட்டில், தம் கையால் விமானம் கட்டுவோருக்குப் பறக்க இசைவு தரும் விதி ஒன்று உண்டு. அந்த விமானத்தின் பெரும்பகுதியை, தம் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அப்பணியை மேற்கொண்டவர்களே செய்து பூட்டியிருக்க வேண்டும் என்பது அவ்விதி. வணிக நோக்கத்திற்கு அதில் இடமில்லை. சட்டமே கல்வி என்று பெயர் சூட்டிய ஒரு பணிக்குக் கல்விக் கழக மேடையில் இடமில்லாமற் போகாது.

விமானத்தின் பிறப்பே வீட்டுப் பட்டறையில்தான் நிகழ்ந்தது. ரைட் சகோதரர்கள் இருவரும் சைக்கிள் கடை நடத்தியவர்கள். கல்லூரிப் பட்டம் பெறாதவர்கள். அவர்களுடைய பொறியைக் கடைந்து கொடுத்தவர் அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லஸ் டெய்லர் என்னும் தொழிலாளி. 1903 டிசம்பர் 14ஆம் நாள் செய்த முதல் முயற்சியில் விமானம் எழுந்த உடனே விழுந்து சேதமுற்றது. அதைச் செப்பனிட்டு, டிசம்பர் 17ஆம் நாள் மீண்டும் முயன்றனர். அன்றைய முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. நான்காம் பறப்பு 59 விநாடி, 852 அடி. இடைப்பட்ட அந்த மூன்று நாள் பழுதுபார்ப்பைப் பற்றிப் பாடநூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. அந்த மூன்று நாட்கள் இல்லையேல் அந்த 12 விநாடியும் இல்லை.

கையால் உழைப்பவன் அறிவிலி, ஏடு புரட்டுபவனே அறிஞன் என்று பிரித்து வைத்த நாடு நம்முடையது. அந்தப் பிரிவினையின் கொடுமையை முழுதும் சுமந்தவர்கள் நாம். விமானமோ கையும் கணக்கும் ஒன்றாய்க் கூடினால் மட்டுமே எழுகிறது. ஆகவே இப்பொருள் நமக்கு அயலானதன்று.

இதனைச் சொல்ல அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்தே சான்றுகளை எடுத்துக்கொள்வோம். அம்மக்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1946ஆம் ஆண்டு, கறுப்பின மக்களின் பேரறிஞரான டுபாய்ஸ் அவர்களுக்கு அவரே கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம், அவர்களுடைய இயக்கத்தின் பெயரையே தழுவிக்கொண்டது.

1920களின் இறுதியில் சிகாகோ நகரில் கார்னீலியஸ் காபி, ஜான் ராபின்சன் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள் மோட்டார் மெக்கானிக்குகளாக வேலை பார்த்து வந்தனர். விமானத் தொழில் பயில வேண்டும் என்பது அவர்களுடைய வேட்கை. கர்ட்டிஸ்-ரைட் விமானப் பள்ளியோ அவர்களுடைய நிறத்தைக் கண்டதும் இடமில்லை என்று கூறிவிட்டது. ராபின்சன் அதே பள்ளியில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். வகுப்பு நடக்கும் அறையில் துடைப்பத்துடன் நின்று பாடங்களைக் காதில் வாங்கினார். கற்றதைத் தம் நண்பர் குழுவிற்குச் சொன்னார். அந்தக் குழு ஒரு விமானத்தையே கட்டத் தொடங்கியது.

அந்நாளில் சிகாகோவில் எட்வர்ட் ஹீத் என்பவர் 'பாரசோல்' என்னும் ஓரிருக்கை விமானத்தின் பாகங்களை எளியோரும் வாங்கத்தக்க வகையில் விற்று வந்தார். அதன் இறக்கை விமானியின் தலைக்கு மேல் குடைபோல் நிற்கும். மோட்டார் சைக்கிளின் நான்கு சிலிண்டர் பொறியே அதற்குப் போதும். அத்தகைய மோட்டார் சைக்கிள் பொறி பூட்டிய சிறு விமானத்தை அந்த இளைஞர்கள் கட்டி முடித்தனர். முடித்ததும் தாமே ஏறிப் பறந்துவிடவில்லை. அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவரை அழைத்துக் காட்டினர். அவர் அதனைச் சோதித்துப் பார்த்தார். பின்பு தாமே அதில் ஏறிப் பறந்து இறங்கினார். அந்த வேலையின் தரம் அவரை அவர்கள் பக்கம் பேச வைத்தது.

பள்ளியின் கதவு திறந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவ்விருவரும் வேலை பார்த்த மோட்டார் நிலையத்தின் முதலாளி, இடம் தராவிடில் வழக்குத் தொடுப்போம் என்று எச்சரித்தார். ஒருபுறம் வழக்கு, மறுபுறம் பழுதின்றிப் பறந்து இறங்கிய விமானம். இளைஞர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். உரிமை கதவைத் திறக்கும். உள்ளே சென்றபின் நம்மைத் தூக்கி நிறுத்துவது முடித்துக் காட்டிய வேலை. 1931இல் இருவரும் அப்பள்ளியில் தேறினர். பின்னர் அதே பள்ளி கறுப்பின மாணவர்களுக்கு வகுப்பு நடத்த அவர்களையே அழைத்தது.

இனி, முடித்தல் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். கட்டுவோரிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: நூற்றுக்குத் தொண்ணூறு வேலை முடிந்துவிட்டது, இன்னும் தொண்ணூறு பாக்கியிருக்கிறது என்பார்கள். இறக்கை இறக்கையாகவும் வால் வாலாகவும் தோன்றத் தொடங்கியதும், காண்போர் 'எப்போது பறக்கப் போகிறீர்கள்?' என்று கேட்பர். உண்மையான வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் ஒவ்வொரு திருகும் சோதிக்கப்பட வேண்டும். பொறியின் அதிர்வில் எந்தத் திருகும் தானே கழலக்கூடும். ஆகையால் நட்டுகளுக்கு ஊடே காட்டர் பின் செருகியோ கம்பி முறுக்கிக் கட்டியோ பூட்டுவர். இறக்கையைத் துணியாலோ தகட்டாலோ மூடுவதற்கு முன்பே உள்வேலையைப் பிறர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். மூடிய பின் குறை வெளியே தெரியாது. காற்றுக்கு மட்டும் தெரியும்.

அடுத்து, கட்டுப்பாடுகள். விமானியின் கைத்தண்டை இடப்புறம் சாய்த்தால், இடது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள பலகை மேலெழவும் வலப்பக்கத்துப் பலகை தாழவும் வேண்டும். கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டால் விமானம் எதிர்ப்புறமாகச் சாயும். தரையில் நின்று பார்த்தால் ஒரு நிமிட வேலை. பாராமல் ஏறினால் திருத்த நேரமிராது.

அதன்பின் எடை. விமானத்தைச் சமமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களின் கீழும் மூன்று தராசுகளை வைத்து நிறுப்பர். மொத்த எடை எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்த எடை எந்த இடத்தில் கூடி நிற்கிறது என்பது அதனினும் பெரிய கேள்வி. எடையின் மையம் வரையறுத்த எல்லைக்குப் பின்னால் போய்விட்டால் விமானம் நிலைகொள்ளாது. மூக்கு மேலே தூக்கினால் மீண்டும் இறக்க இயலாமற் போகலாம். இதில் ஊகத்திற்கு இடமில்லை. தராசு சொல்வதை எழுதிக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

பிறகு எரிபொருள். விமானம் ஏறும்போது மூக்கு உயர்ந்திருக்கும். தரையிலேயே மூக்கை அந்தக் கோணத்திற்கு உயர்த்தி நிறுத்தி, பெட்ரோல் எவ்வளவு வேகத்தில் வந்து சேருகிறது என்று அளந்து பார்ப்பர். தன் எடையால் மட்டும் பெட்ரோல் இறங்கிவரும் அமைப்பாயின், முழு விசையில் பொறிக்குத் தேவைப்படுவதைப் போல் ஒன்றரை மடங்கு வர வேண்டும் என்பது வழக்கிலுள்ள அளவு.

வண்ணம் பூசுவதைப் பற்றியும் ஒரு சொல். பளபளக்கும் வண்ணம் பூசிய பின்பே விமானத்தை வெளியே கொண்டுவர வேண்டும் என்னும் ஆசை எல்லோருக்கும் எழும். ஆனால் வண்ணத்திற்கும் எடை உண்டு. அசையும் சுக்கான்களில் அது கூடுதலாக ஏறினால் அவற்றின் சமநிலை குலைந்து, வேகம் கூடும்போது அவை படபடத்து முறிந்துவிடவும் கூடும். ஆகவே வண்ணம் பூசிய பின் சுக்கான்களின் சமநிலையை மறுபடியும் சரிபார்ப்பர். சோதனைப் பறப்புகள் முடியும் வரை வண்ணம் பூசாமலேயே வைத்திருப்போரும் உண்டு. அலங்காரம் கடைசியில் வரட்டும் என்பதே அனுபவசாலிகளின் முடிவு.

இத்தகைய சிறு கவனங்கள் தவறினால் நேர்வது என்ன? இங்கே பெஸ்ஸி கோல்மன் அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1892இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, பருத்திக் காட்டில் பஞ்செடுத்து வளர்ந்தவர். சிகாகோவில் நகத்திற்கு ஒப்பனை செய்யும் தொழிலாளியாக இருந்தார். அமெரிக்காவில் எந்த விமானப் பள்ளியும் அவரைச் சேர்க்க மறுத்ததால், பிரெஞ்சு மொழி கற்றுப் பிரான்சு நாட்டிற்குச் சென்று, 1921 ஜூன் 15ஆம் நாள் விமானி உரிமம் பெற்றார். உலகிலேயே அவ்வுரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. தம் மக்களுக்கென ஒரு விமானப் பள்ளி நிறுவ வேண்டும் என்பது அவர் கனவு.

1926இல் அவர் சேர்த்த பணத்திற்குக் கிடைத்தது ஒரு பழைய விமானம். ஜாக்சன்வில் நகருக்கு அதைக் கொண்டுவரும் வழியிலேயே பொறிக் கோளாறினால் இடையில் இறக்க வேண்டி வந்தது. ஏப்ரல் 30ஆம் நாள், மறுநாள் நிகழ்ச்சிக்கு இடம் பார்ப்பதற்காக அவர் ஏறினார். ஓட்டியவர் அவருடைய மெக்கானிக். கீழே எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் அம்மையார் இடுப்புப் பட்டையைக் கட்டவில்லை. விமானம் திடீரெனத் தலைகுப்புறப் பாய்ந்தது. அம்மையார் வெளியே தூக்கி எறியப்பட்டு மாண்டார். விமானத்தோடு விழுந்து மெக்கானிக்கும் உயிரிழந்தார். கவனியாமல் விடப்பட்ட ஒரு ஸ்பானர் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கிடையே சிக்கிக்கொண்டதே காரணம் என்று பின்னர் கண்டனர். அம்மையாருக்கு அப்போது வயது 34.

வசதி படைத்தவர்க்குப் புது இயந்திரம் கிடைக்கிறது. ஒடுக்கப்பட்டவர்க்குக் கிடைப்பது தேய்ந்த இயந்திரம். இது அநீதி. இந்த அநீதியை எதிர்த்துப் போராடியே ஆக வேண்டும். ஆனால் போராட்டம் வெல்லும் நாள்வரை, தேய்ந்த இயந்திரத்தில் ஏறுகிறவர் மற்றவரைவிட இருமடங்கு சோதித்த பின்பே ஏற வேண்டும். காற்று நம்மை இழிவுபடுத்துவதில்லை, குலம் கேட்பதில்லை. அதே காற்று நம்மிடம் பரிவும் காட்டுவதில்லை.

இனி, சோதனைப் பறப்பு. முதலில் கயிற்றால் கட்டி நிறுத்திப் பொறியை ஓட்டிப் பார்ப்பர். பின்பு ஓடுதளத்தில் மெல்ல ஊர்ந்து பிரேக்கையும் திசை திருப்புதலையும் அறிவர். பிறகு வேகமாக ஓடி, எழாமலேயே நிறுத்துவர். ஒவ்வொரு கட்டத்திற்குப் பின்பும் பொறியின் மூடியைக் கழற்றி எண்ணெய்க் கசிவும் தளர்ந்த குழாயும் உண்டா என்று பார்ப்பர்.

முதல் பறப்பு நாளன்று கூட்டம் கூட்டக்கூடாது என்பது நல்லோர் அறிவுரை. மாலையும் புகைப்படக்காரரும் காத்திருந்தால், காற்று சரியில்லாத நாளிலும் 'ஏறிவிடுவோம்' என்னும் எண்ணம் பிறந்துவிடும். அன்று விமானத்தில் விமானி ஒருவரே இருப்பார். பயணி எவரும் ஏறக்கூடாது. விமான நிலையத்தைக் கண்ணிலிருந்து மறையவிடாமல், பொறி நின்றாலும் திரும்பிவந்து இறங்கத்தக்க உயரத்தில் சுற்றிவருவர்.

வேகம் குறையக் குறைய இறக்கை தூக்கும் ஆற்றலை இழக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை 'ஸ்டால்' என்பர். அந்த எல்லையை மிக உயரத்தில், மீள்வதற்கு இடமிருக்கும்போதே மெல்லத் தொட்டுப் பார்த்து, அது எத்தனை மைல் வேகத்தில் நிகழ்கிறது என்று குறித்துக்கொள்வர். இறங்கும்போது அந்த எண்ணே விமானியைக் காக்கும். தன் குறை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை முன்கூட்டி அறிந்தவர், அந்த இடத்திற்கு வரும்போது திகைப்பதில்லை.

அமெரிக்க முறைப்படி இந்தச் சோதனைக் காலம் வழக்கமாகச் சான்று பெற்ற பொறியும் சுழல்விசிறியும் பூட்டியவற்றிற்கு 25 மணிநேரப் பறப்பு. மற்றவற்றிற்கு 40 மணிநேரம். அக்காலம் முழுதும் ஒவ்வொரு பறப்பையும் நோட்டில் எழுதுவர். ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்வர்; இரண்டை ஒன்றாய் மாற்றினால் எதனால் நன்மை, எதனால் தீமை என்று அறிய முடியாது.

இவ்வளவையும் அறிந்தவர்க்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பாரசோல் விமானத்தைப் படைத்த எட்வர்ட் ஹீத் 1931இல் ஒரு புதிய விமானத்தைச் சோதித்தபோதே உயிரிழந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வும், வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் பொறி நின்றுபோதலும் பறக்கும்போது கட்டுப்பாடு இழத்தலுமே முதன்மையானவை என்று கண்டது. சோதனைப் பறப்பில் சொல்லப்படும் விதிகள் யாரோ வீணாக எழுதி வைத்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் உயிர் இழப்பு இருக்கிறது.

திறமை இருந்தும் உரிமை மறுக்கப்பட்டால் நேர்வதற்கும் ஒரு சான்று சொல்வோம். ஜேம்ஸ் ஹெர்மன் பானிங் என்னும் கறுப்பின விமானியும் தாமஸ் ஆலன் என்னும் மெக்கானிக்கும் 1932இல் ஒரு பழைய விமானத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து நியூயார்க் வரை அமெரிக்கக் கண்டத்தைக் கடந்தனர். கையில் பணமில்லை. இறங்கிய ஊர்களில் மக்கள் உணவும் பெட்ரோலும் தந்தனர். உதவியவர்களின் பெயர்களை அவர்கள் விமானத்தின் இறக்கையிலேயே எழுதச் செய்தனர். வழியெல்லாம் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, 21 நாட்களில் பயணத்தை முடித்தனர். பறந்த நேரம் ஏறத்தாழ 42 மணி.

அத்தகைய பானிங்கிற்கு 1933இல் சான் டியாகோவில் விமானம் ஓட்டக் கொடுக்க மறுத்தனர். கறுப்பர் ஒருவர் ஓட்ட வல்லவர் என்பதை நம்ப அங்கிருந்தவர் ஒருப்படவில்லை. ஆகவே வேறொருவர் ஓட்டிய விமானத்தில் பானிங் பயணியாக அமர்ந்தார். ஓட்டியவர் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கியதால் விமானம் தூக்குதிறன் இழந்து சுழன்று விழுந்தது. கண்டத்தைக் கடந்த விமானி, கைத்தண்டைத் தொட முடியாத இருக்கையில் மாண்டார். தகுதி, தகுதி என்று நம்மைப் பார்த்துக் கேட்போர் இந்த வரலாற்றைச் சற்றே படிக்கட்டும். தகுதியுள்ளவரைப் பயணி இருக்கையில் அமர்த்தியதால் இழந்தது ஓர் இனம் மட்டுமன்று.

இளைஞர்களே! இவற்றை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் படிப்பைத் தொடங்குவோர் இன்று குறைவில்லை. பள்ளியில் சேர்கிறோம், கல்லூரியிலும் சேர்கிறோம். கடைசி ஆண்டில் இரண்டு தாள் நிற்கிறது. செய்முறைத் தேர்வு ஒன்று விட்டுப்போகிறது. கட்டணம் கட்ட முடியாமல் சான்றிதழ் வாங்கப்படாமல் கிடக்கிறது. வீட்டில் நோய், கடன் என்று கூலிக்குப் போகிறோம். இறக்கையும் வாலும் பூட்டிய விமானம் கொட்டகையிலேயே தூசு படிந்து கிடக்கிறது. தொடங்கியவரைப் பாராட்ட மேடைகள் உண்டு. பாதியில் நிற்பவரைத் தேடிப் போகும் கைகள் குறைவு. நம் கழகம் இனிச் செய்ய வேண்டிய முதற்பணி அந்தக் கடைசிப் பத்தில் ஒரு பங்கு வேலைக்குத் துணை நிற்பதே. புதிதாய்ச் சேர்ப்போர் பட்டியலோடு, நிறுத்திக் கொண்டோர் பட்டியலும் கழகத்தில் இருக்கட்டும். நிலுவைத் தாள்களுக்கு மாலை வகுப்பு நடக்கட்டும். பட்டம் பெற்றவர்கள் ஆளுக்கு ஒருவரைப் பொறுப்பேற்று, அவர் முடிக்கும்வரை விடாதிருக்கட்டும்.

மாணவர்க்கும் ஒன்று. உங்கள் வேலையைப் பிறர் கண்ணுக்குக் காட்டத் தயங்காதீர்கள். காபியும் ராபின்சனும் மூடிவைத்துப் பெருமை பேசவில்லை. ஆசிரியரை அழைத்து 'சோதித்துப் பாருங்கள்' என்றனர். நம்மை இகழ்வதற்காகக் குறை தேடுவோரை நாம் நன்கறிவோம். நாம் விழாமல் இருப்பதற்காகக் குறை தேடுபவர் வேறு. அவரை அடையாளம் கண்டு, நாமே தேடிப் போய் நம் நோட்டை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

காபியும் ராபின்சனும் பள்ளியில் தேறியதோடு நின்றுவிடவில்லை. விமான நிலையங்களில் தம் மக்களுக்கு இடம் கிடைக்காததால், சிகாகோவை அடுத்த ராபின்ஸ் என்னும் கறுப்பினச் சிற்றூரில் தோழர்களுடன் சேர்ந்து நிலத்தைத் திருத்தித் தாமே ஓடுதளம் அமைத்தனர். 1933இல் புயல் அதை அழித்தது. வேறிடம் சென்று தொடர்ந்தனர். ராபின்சன் 1935இல் எத்தியோப்பியா சென்று, இத்தாலியப் படையெடுப்பின்போது அந்நாட்டு விமானப் பணியில் நின்றார். காபியும் வில்லா பிரௌன் அம்மையாரும் நடத்திய விமானப் பள்ளியில் பயின்றோர் பலர் இரண்டாம் உலகப்போரின் புகழ்பெற்ற டஸ்கீகி விமானிகளின் அணிக்குச் சென்றனர். பெஸ்ஸி கோல்மன் காண விரும்பிய பள்ளி, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் வேறு கைகளால் எழுந்தது.

சோதனைக் காலம் முடியும்வரை விமானத்தில் பயணி ஏறக்கூடாது என்று சொன்னோம். அது முடிந்து, 'இது தாங்கும்' என்று விமானி தம் நோட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பின், முதன்முறையாகப் பிறரை ஏற்றிக்கொள்ளலாம். அந்தச் சோதனை முழுவதும் அதற்காகவே. நம் கழகம் 25 ஆண்டுகள் தாங்கி நின்றுவிட்டது. எத்தனையோ பழுதுகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்திய பெரியோர்கள் இம்மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். பானிங்கும் ஆலனும் தம் இறக்கையில் பெயர் எழுதச் செய்ததைப் போல், இக்கழகத்திற்குப் பிடி அரிசியும் நாலணாவும் தந்த தாய்மார்களின் பெயர்களும் இம்மலரில் இடம்பெற வேண்டும். இனி ஏற்றிச் செல்ல வேண்டியவர்கள் சேரியின் ஒவ்வொரு வீட்டிலும் காத்திருக்கிறார்கள்.

கற்போம், கற்றதை முடிப்போம், முடித்தவர் பிறரை ஏற்றிச் செல்வோம். வாழ்க கல்வி! வளர்க நம் கழகம்! ஜெய்பீம்!